பால்மாத் தகரம்

கொரேரா வாங்கிவந்த லொறிக்கு
என்னைவிட இரண்டு வயது குறைவு.
டொட்ஜ். பெற்றோல் எஞ்சின்.
ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் தள்ளியது;
பிறகு ஒரு ஐஸ் கம்பனி,
பிறகு மட்டக்குளியில் மாமரத்துக்குக் கீழே ஒன்பது வருசம்.
"எல்லாம் முதல் இருந்த மாதிரியே வேணும்."
எல்லாம் என்றால்?
"எல்லாம்."

பொனற்றின் உட்புறத்தில் ஒரு ஒட்டுத்தாள்:
எந்த ரப்பர் குழாய் எங்கே போகவேண்டும் என்ற படம்.
பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது.
மீதிப் பாதியில் ஓடுகிற கோடுகள்
எஞ்சினில் இல்லை.
குழாய் வாய்களை ஆணியால் அடைத்திருந்தார்கள்,
ஒன்றைப் பேனை மூடியால்.

புகையைத் திருப்பி எடுக்கிற வால்வுக்கு இரண்டு போல்ட்.
இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு
காலையில் தட்டித் தட்டிக் கழற்றினேன்.
அடியில், கஸ்கெற்றோடு கஸ்கெற்றாக
ஒரு தகரம்.
பால்மாப் பேணியில் வெட்டியது.
சூடு படாத ஓரத்தில் ஒரு பசுவின் வால் மட்டும்.
நாலு மூலையும் சின்னதாய்ச் சரித்து வெட்டியிருந்தது
கையைக் கிழிக்காமல் இருக்க.

அப்படி வெட்டுகிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

ஆமர் வீதி. மஹ்ரூஃப் கடைக்குப் பின்பக்கம்.
எந்த வருசமென்று நினைவில்லை.
ஐஸ் உருகுது உருகுது என்று சாரதி நின்றபடியே சொன்னான்:
"பாஸ், இது திணறுது."
எண்ணூறு ரூபாய் வாங்கினேன். திணறல் நின்றது.
அந்த மழைக்காலம் அப்படி எத்தனை வெட்டினேனோ,
ஒரு பேணி முடிய அடுத்த பேணி.
புகை எங்கே போகும் என்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கடல் பக்கத்தில்தானே.

ஊசியைச் சுற்றிக் கரி
பனங்கட்டியாய் இறுகியிருந்தது. மூன்று நாள் சுரண்டினேன்.
குழாயை வாயில் வைத்து உறிஞ்சி
நாக்கு நுனியால் அடைத்துப் பிடித்தேன்.
ஊசி எழும்பியது. பத்து எண்ணும்வரை இறங்கவில்லை.
வாயில் வந்த ருசியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

காற்றுப் பம்பின் ஒருவழி வால்வு
இரண்டு வழியும் விட்டது.
"கழற்றி எறியிற சாமானை விலைக்குக் கேக்கிறியா?"
மஹ்ரூஃப் சிரித்தார்.
ஒறுகொடவத்தையில், நசுங்கிய ஜப்பான் கார்களுக்கு நடுவில்
ஒன்று அகப்பட்டது; புரி வேறு.
லேத்தில் ஒரு வளையம் கடைந்து அதைச் சம்மதிக்க வைத்தேன்.

பெற்றோல் ஆவி குடிக்கிற கரிடப்பாவில்
கரி சேறாகிக் கிடந்தது.
மீன்தொட்டிக் கடையில் நல்ல சிரட்டைக்கரி விற்கிறார்கள்.
"எத்தினை மீன்?" என்றாள் கடைப்பெண்.
ஒரு டொட்ஜ், என்றேன்.

பிறகு அந்த நேரம்.
எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க
விரலைக் கொடுத்து வால்வைத் தூக்கினேன்.
திணறி, இருமி, நின்றது.
கொரேராவின் முகம் செத்துப்போனது. "பழுதோ?"
இல்லை ஐயா.
இது வேலைசெய்கிற சத்தம்.

புகைச் சோதனையில் பொடியன் ஒருவன்
பின்குழாய்க்குள் கம்பியை விட்டான்,
கைப்பேசியைப் பார்த்தான், கடதாசி வந்தது. பாஸ்.
அந்தக் கம்பி பொனற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.
தகரத்தோடும் ஒருவேளை பாஸாகியிருக்கும்.
இதைக் கொரேராவிடம் சொல்லவில்லை.

கொழும்பில் எந்த வாடிக்கையாளரும் கேட்பதை அவரும் கேட்டார்:
"கழட்டின பழசெல்லாம் பையில போட்டுத் தாங்கோ."
வெடித்த குழாய்கள், ஆணிகள், பேனை மூடி,
இரண்டு வழியும் விட்ட அந்த வால்வு,
எண்ணிப் போட்டேன்.
தகரம் என் சட்டைப் பையில்.

மாலை, ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
முன்னால் ஒரு பழைய வான், திணறாமல்,
வெகு சுகமாகப் புகைத்துக்கொண்டு நிற்கிறது.
அதற்குள்ளும் இருக்கலாம்,
மூலை சரித்து வெட்டின ஒன்று.
இலக்கத் தகட்டை வாசிக்கப் பார்த்தேன்.
பச்சை விழுந்துவிட்டது.